கனெக்டிங் ஃப்ளைட் தவறினால் என்ன செய்வது?

கேள்வி இது: "இரண்டு இடங்களில் விமானம் மாறிப் போக வேண்டிய வெளிநாட்டுப் பயணம். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் என்ன செய்வது? சில மாதங்கள் கழித்து அம்மாவும் இதே வழியில் தனியாக வரப்போகிறார். இப்போதே என்னென்ன பார்த்து வைக்க வேண்டும்?"

விமான நிலையத்தில் நின்றுகொண்டு செய்ய வேண்டியவற்றைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் டிக்கெட்டைப் பாருங்கள். பயணம் முழுவதும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா, தனித்தனி டிக்கெட்டுகளா? இணைப்பு விமானம் தவறினால் அது யார் பொறுப்பு, ஓட்டல் செலவு யாருடையது, பெட்டி எங்கே போகும் என்பதையெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு விஷயம்தான் முடிவு செய்கிறது. ஒரே டிக்கெட் என்றால், உங்களைக் கடைசி ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்க்க விமான நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு விமானம் தவறினால் மாற்று விமானத்தில் இடம் தேடித் தருவது அவர்கள் வேலை. தனித்தனி டிக்கெட் என்றால், முதல் நிறுவனம் உங்களை நடு ஊரில் இறக்கியதோடு அதன் கடமை முடிந்தது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை, நீங்கள் நேரத்துக்கு வராத பயணி.

இதை எப்படித் தெரிந்துகொள்வது? முன்பதிவு எண் ஒன்றுதானே இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். சில இணையதளங்கள் இரண்டு, மூன்று தனி டிக்கெட்டுகளை ஒட்டவைத்து, மேலே தங்களுடைய ஒரே எண்ணைப் போட்டுக் கொடுத்துவிடும். இ-டிக்கெட் ரசீதைத் திறந்து 13 இலக்க டிக்கெட் எண்ணைத் தேடுங்கள். முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வழங்கிய விமான நிறுவனத்தைக் குறிக்கும். எல்லா விமானங்களும் அந்த ஒரே எண்ணின் கீழ் வந்தால் நிம்மதி. நான்கு விமானங்களுக்கு மேல் இருந்தால் அடுத்தடுத்த எண்கள் வரலாம், அதில் தவறில்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் சம்பந்தமே இல்லாத வெவ்வேறு எண்களோ, 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்ற சொல்லோ கண்ணில் பட்டால் அவை தனித்தனி டிக்கெட்டுகள்.

தனித்தனி டிக்கெட்டில் சிக்கல் நேரத்தோடு முடிவதில்லை. நடு ஊரில் குடிநுழைவை (இமிகிரேஷன்) தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் செக்-இன் செய்து, மறுபடியும் பாதுகாப்புச் சோதனைக்குள் போக வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும். விசா இல்லாவிட்டால் முதல் விமானத்திலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள். மிச்சமாகும் பணம் பெரிதாகத் தெரிந்தாலும், வயதானவர்களுக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் நான் இதைப் பரிந்துரைப்பதே இல்லை. வேறு வழியில்லாமல் அப்படித்தான் போக வேண்டும் என்றால், நடு ஊரில் ஓர் இரவு தங்குவதுபோலவே திட்டமிடுங்கள்.

அடுத்தது இடைவெளி நேரம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் 'குறைந்தபட்ச இணைப்பு நேரம்' என்று ஒன்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. முன்பதிவுக் கணினி அதற்குக் குறைவான இணைப்பை ஒரே டிக்கெட்டில் விற்காது. ஆனால் அந்த நேரத்தை நம்பி இறங்குவது சரியல்ல. எல்லாம் சரியாக நடந்தால் போய்ச் சேரலாம் என்பதற்கான கணக்கு அது. விமானம் இறங்கிய பிறகு அது நிற்க வேண்டிய வாயில் (கேட்) காலியாகும் வரை காத்திருப்பது, பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோவது, டெர்மினல் மாற ரயில் பிடிப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்த விமானத்தின் வாயிலும் புறப்படும் நேரம் வரை திறந்திருக்காது. பொதுவாக 15, 20 நிமிடங்கள் முன்பே மூடிவிடுவார்கள். நீண்ட தூரப் பயணத்தில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் இருந்தால் மனசு பதறாது. அதைவிட முக்கியம், நீங்கள் பிடிக்கப்போவது அன்றைய கடைசி விமானமாக இல்லாமல் பார்த்துக்கொள்வது. தவறினால் மூன்று மணி நேரத்தில் அடுத்தது உண்டு என்றால் 90 நிமிட இடைவெளிகூடப் பரவாயில்லை. வாரத்துக்கு மூன்றே விமானம் போகும் ஊருக்கு நான்கு மணி நேர இடைவெளியும் எனக்குப் போதாது.

இனி பயண நாள். தாமதத்தை நிலையத்தின் பலகை அறிவிப்பதற்கு முன்பே நீங்கள் தெரிந்துகொள்ளலாம். உங்களை ஏற்றிச் செல்லப்போகும் விமானம் அதற்கு முன் வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும். அது இப்போது எங்கே இருக்கிறது என்று ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற, விமானங்கள் பறப்பதைக் காட்டும் இணையதளங்களிலும், பல நிறுவனங்களின் ஆப்பிலுமே பார்க்க முடியும். பலகையில் 'குறித்த நேரம்' என்று இருக்கும். வர வேண்டிய விமானமோ இன்னும் இரண்டு மணி நேர தூரத்தில் பறந்துகொண்டிருக்கும். அந்த முரணைக் கண்ட உடனே கவுண்டருக்குப் போய்விட்டால், மற்றவர்கள் வரிசைக்கு வருவதற்குள் உங்கள் வேலை முடிந்திருக்கும். விமான ஊழியர்களின் பணி நேரத்துக்கும் சட்ட வரம்பு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஐந்து மணி நேரம் என்று தொடங்கிய தாமதம் திடீரென்று மறுநாளுக்குத் தள்ளிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

புறப்படும் ஊரிலேயே இணைப்பு கிடைக்காது என்று உறுதியாகிவிட்டால், முதல் விமானத்தில் அவசரப்பட்டு ஏறாதீர்கள். அங்கேயே மாற்றுப் பாதை கேளுங்கள். வேறு நகரம் வழியாகப் போகும் விமானங்களும் புறப்படும் ஊரில் இருக்கும். நடு ஊருக்குப் போய்விட்டால் அந்த வாய்ப்புகள் சுருங்கிவிடும். மாற்று விமானம் மறுநாள்தான் என்றால், ஓர் இரவை நாற்காலியில் கழிப்பதைவிட வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டுப் போவது மேல். ஆனால் மாற்றுப் பாதையை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள்: புதிய பாதையில் வரும் நாட்டில் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா (நடுவில் விமானம் மாறிப் போவதற்கான விசா) தேவைப்படுமா? அமெரிக்கா வழியாகப் போனால், வெறுமனே விமானம் மாறுகிறவர்களும் குடிநுழைவைக் கடந்தாக வேண்டும், இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அதற்கான விசாவும் வேண்டும். ஷெங்கன் நாடுகளும் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) பிரிட்டனும் சில நாட்டவரிடம், விமான நிலையத்துக்குள்ளேயே இருந்தாலும், டிரான்சிட் விசா கேட்கும். கவுண்டரில் இருப்பவர் அவசரத்தில் இதைக் கவனிக்காமல் போகலாம், நீங்கள் கவனியுங்கள்.

நடு ஊரில் தாமதமாக இறங்குகிறீர்கள், அடுத்த விமானம் கிடைக்குமா தெரியவில்லை என்று வையுங்கள். இறங்குவதற்கு முன்பே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். பலர் ஒரே விமானத்துக்கு மாற வேண்டியிருந்தால் சில சமயம் அந்த விமானத்தை நிறுத்தி வைப்பார்கள், இல்லாவிட்டாலும் எந்த வாயில் என்றாவது கேட்டுச் சொல்வார்கள். தரையைத் தொட்டதும் ஆப்பைத் திறங்கள். பல நிறுவனங்களில், நீங்கள் இருக்கையை விட்டு எழுவதற்குள் கணினியே உங்களை வேறொரு விமானத்துக்கு மாற்றியிருக்கும். பிடிக்க முடியாத விமானத்துக்காக மூச்சிரைக்க ஓடுவதைவிட, இதை முதலில் பார்ப்பது நல்லது. ஆனால் கணினி கொடுத்ததே இறுதி முடிவு அல்ல. நாற்பது மணி நேரம் கழித்து ஒரு விமானத்தில் போட்டிருந்தால் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

விமானம் மாறுகிறவர்களுக்கான கவுண்டரான டிரான்ஸ்ஃபர் டெஸ்க்கில் வரிசை நீண்டிருக்கும். வரிசையில் நின்றபடியே நிறுவனத்தின் தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள், ஆப்பில் சாட் இருந்தால் அதையும் தொடங்குங்கள். எது முதலில் பலிக்கிறதோ அது. உள்ளூர் எண்ணில் காத்திருப்பு அதிகம் என்றால், அதே நிறுவனத்தின் வேறு நாட்டு அலுவலகத்துக்கு அழைக்கலாம். அவர்களும் அதே முன்பதிவைத்தான் திறந்து பார்ப்பார்கள். டிக்கெட்டை ஏஜென்ட் மூலமோ இணையதளம் மூலமோ வாங்கியிருந்தால் "அவர்களிடமே கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பயணம் தொடங்கி, நடுவில் தவிக்கும் பயணியை மாற்றிவிடும் பொறுப்பும் அதிகாரமும் விமான நிறுவனத்துக்கே உண்டு. இதைப் பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள்.

கவுண்டரை அடைந்ததும் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது. "எப்படியாவது என்னை அனுப்பிவையுங்கள்" என்றால், அந்த ஊழியர் தன் நிறுவனத்தின் அடுத்த விமானத்தைத்தான் பார்ப்பார். நீங்களே தேடி வைத்துக்கொண்டு, "இன்றிரவு 10 மணிக்கு உங்கள் கூட்டணி நிறுவனத்தின் விமானம் ஒன்று போகிறது, எண் இது, இணையத்தில் இடம் காட்டுகிறது, அதில் மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். அவர் தட்டிப் பார்க்க ஒரு குறிப்பான விமானம் கிடைக்கிறது. அந்த ஊழியருக்கு முன்னால் காலையிலிருந்து கோபக் குரல்களே வந்துகொண்டிருக்கும். பெயர் சொல்லி அழைத்து, நிலைமையை இரண்டு வரியில் சொல்லி, தெளிவாக ஒன்றைக் கேட்பவருக்கு அவர்கள் கூடுதலாக நான்கு பொத்தான்களைத் தட்டுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சேர வேண்டிய ஊருக்கு அருகில் வேறு விமான நிலையம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பதற்றத்தில் பலர் செய்வது, தாங்களே புது டிக்கெட் வாங்கிப் பறந்துவிடுவது. தயவுசெய்து அதற்கு முன் நில்லுங்கள். டிக்கெட்டில் ஒரு விமானத்தில் ஏறாமல் விட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா விமானங்களையும், திரும்பி வருவதையும் சேர்த்து, நிறுவனம் ரத்து செய்துவிடும். சொந்தமாகப் போயே தீர வேண்டிய கட்டாயம் என்றால், மீதிப் பயணத்தை அப்படியே வைத்திருக்கச் சொல்லி, அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

உரிமைகளுக்கு வருகிறேன். எந்தச் சட்டம் பொருந்தும் என்பது உங்கள் குடியுரிமையைப் பொறுத்தது அல்ல, பாதையையும் நிறுவனத்தையும் பொறுத்தது. பயணிக்கு மிகவும் சாதகமானது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் எண் ஒழுங்குமுறை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்துக்கும், வெளியிலிருந்து உள்ளே வரும் ஐரோப்பிய நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ இழப்பீடு. தாமதத்துக்கும் இழப்பீடு உண்டு, அதற்கு மூன்று மணி நேரம் அளவுகோல் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. இணைப்பு தவறுகிறவர்களுக்கு 2013-இல் வந்த தீர்ப்பு முக்கியம்: முதல் விமானம் அரை மணி நேரம்தான் தாமதம் என்றாலும், அதனால் கடைசி ஊருக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இழப்பீடு கேட்கலாம், ஒரே முன்பதிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டனும் இதே விதியைத் தன் சட்டமாக வைத்திருக்கிறது, தொகை பவுண்டில் வரும்.

புயல், வான்வெளி மூடல் போன்ற அசாதாரண காரணங்களுக்கு இந்த இழப்பீடு கிடையாது. ஆனால் விமானத்தில் வரும் சாதாரண இயந்திரக் கோளாறை அசாதாரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று 2008-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. இழப்பீடு இல்லாத இடத்திலும் உணவு, ஓட்டல், ஓட்டலுக்குப் போய்வரும் வண்டி ஆகியவற்றுக்கான கடமை நிற்கிறது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடிக்கிடந்தபோது ஒரு பயணி தொடுத்த வழக்கில், அந்தச் சமயத்திலும் பயணியைக் கவனிக்கும் கடமை உண்டு என்று நீதிமன்றம் 2013-இல் சொன்னது. இவற்றையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. "வானிலை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்ற பதிலைக் கேட்டதும் பலர் திரும்பிவிடுகிறார்கள். பணம் கிடைக்காமல் போகலாம். படுக்கவும் சாப்பிடவும் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கனடாவில், தாமதம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்து, பாதுகாப்புக் காரணமும் இல்லை என்றால், பெரிய நிறுவனங்கள் தாமதத்துக்கு ஏற்ப 400 முதல் 1,000 கனடிய டாலர் வரை தர வேண்டும். அமெரிக்கக் கூட்டரசு விதியில் தாமதத்துக்கு என்று இழப்பீடு கிடையாது. ஆனால் 2024-இல் வந்த விதிப்படி, சர்வதேச விமானம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ தள்ளிப்போய், மாற்று ஏற்பாட்டை நீங்கள் ஏற்காவிட்டால், பயன்படுத்தாத பயணத்துக்கான பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். இவை தவிர 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பெரும்பாலான சர்வதேசப் பயணங்களுக்குப் பொருந்தும். தாமதத்தால் உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட செலவை அதன் கீழ் கேட்கலாம். நிறுவனம் தன்னால் இயன்ற எல்லாம் செய்தது என்று நிரூபித்தால் தப்பிக்கலாம், தொகைக்கும் உச்சவரம்பு உண்டு, வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகள் அவகாசம். ரசீது இல்லாத செலவு இங்கே செலவே அல்ல. தண்ணீர் பாட்டில் வாங்கினாலும் ரசீதைப் போனில் படமெடுத்து வையுங்கள்.

சாட்சியம் சேர்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஐரோப்பிய விதிப்படி விமானம் 'வந்து சேர்ந்த நேரம்' என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, கதவுகளில் ஒன்றாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்றாகும் நேரம். 2014-இல் நீதிமன்றம் அப்படித் தீர்த்தது. 2 மணி 50 நிமிட தாமதத்தோடு தரையிறங்கிய விமானம் வாயில் கிடைக்காமல் கால் மணி நேரம் நின்றால், மூன்று மணி நேரக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. கதவு திறக்கும்போது போனில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதத்தின் காரணத்தையும் நேரத்தையும் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். பயணக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். காப்பீடு எடுக்கும்போது, எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு பணம் வரும், தனித்தனி டிக்கெட்டில் இணைப்பு தவறினால் ஏற்பார்களா என்ற இரண்டு வரிகளையாவது படித்துவிடுங்கள்.

இரவு தங்க வேண்டி வந்தால், ஓட்டல் விமான நிலையத்துக்கு வெளியே இருக்கும், உங்களிடம் அந்த நாட்டு விசா இருக்காது. அப்போது டெர்மினலுக்கு உள்ளேயே இருக்கும் டிரான்சிட் ஓட்டலில் இடம் கேளுங்கள்; அதுவும் இல்லையென்றால் தற்காலிக நுழைவு அனுமதிக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். சில நாடுகளில் உண்டு. செக்-இன் செய்த பெட்டி பெரும்பாலும் கைக்கு வராது. மருந்து, கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுடை, இவை எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். பல நிலையங்களில் இலவச வைஃபைக்கு எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வரும், கார்டில் பணம் கட்டவும் ஓடிபி வரும். ஊர் சிம்மில் ரோமிங் இல்லையென்றால் இரண்டும் நின்றுவிடும்.

பெட்டி உங்களோடு வந்து சேராவிட்டால், வருகைக் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார்ப் படிவம் பதிந்து அதன் எண்ணை வாங்குங்கள். போர்டிங் பாஸில் ஒட்டியிருக்கும் லக்கேஜ் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள், பெட்டியைத் தேடுவது அதை வைத்துத்தான். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும், சேதமான பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும்.

இப்போது அம்மாவின் பயணம். கேள்வியிலேயே எனக்கு அதிகம் அக்கறை உள்ள பகுதி இது. அவருக்கு இரண்டு மாற்றம் வேண்டாம். சற்றுக் கூடுதல் கட்டணம் ஆனாலும் ஒரே மாற்றம், ஒரே டிக்கெட், பகலில் மாறும்படியான நேரம் என்று பாருங்கள். நடக்க முடிந்தவராக இருந்தாலும் வீல்சேர் உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன் சொல்லிவிட்டால் நல்லது, இதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. "எனக்கென்ன, நன்றாகத்தானே நடக்கிறேன்" என்று அம்மா மறுக்கக்கூடும். விமானம் தாமதமானால் அந்த உதவியாளர்தான் அவரை டிரான்ஸ்ஃபர் டெஸ்க்குக்கும் புது வாயிலுக்கும் கூட்டிப்போகப் போகிறவர் என்று எடுத்துச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார்.

பெரிய நிலையங்களில் வீல்சேரில் வந்தவர்களை ஓர் இடத்தில் வரிசையாக உட்காரவைத்திருப்பார்கள். போர்டிங் பாஸை உதவியாளர் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அடுத்து வரும் பணியாளருக்கு அம்மா யார், எங்கே போகிறார் என்பதே தெரியாது, அவர் பேசுவது அம்மாவுக்கும் புரியாது. அதனால் ஒரு தாளில் பெரிய எழுத்தில், ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள்: பெயர், முன்பதிவு எண், ஒவ்வொரு விமானத்தின் எண்ணும் நேரமும், போய்ச் சேரும் ஊர், உங்கள் போன் எண் நாட்டுக் குறியோடு, மருந்துகளின் பெயர், உணவில் எது ஆகாது. கீழே ஒரு வரி: "விமானம் தவறிவிட்டால் தயவுசெய்து இந்த எண்ணுக்கு அழையுங்கள்." அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டோடு வைக்காமல் கழுத்தில் தொங்கும் உறையில் போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டை யாராவது வாங்கிக்கொண்டு போனாலும் தாள் அவரிடம் இருக்கும்.

அவருடைய முன்பதிவை நிறுவனத்தின் ஆப்பில் உங்கள் போனிலும் சேர்த்து, தொடர்பு எண்ணாக உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். விமானம் மாற்றப்பட்டால் அறிவிப்பு முதலில் உங்களுக்கு வரும். அம்மா வானத்தில் இருக்கும்போதே நீங்கள் நிறுவனத்தை அழைத்து மாற்று இருக்கையை உறுதிசெய்துவிடலாம், வீல்சேர் குறிப்பு புதிய விமானத்துக்கும் மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். இந்தக் குறிப்பு விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது, கட்டாயம் கேளுங்கள். நடு ஊரில் நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தால் சாப்பிட ஒரு டப்பா, ஒரு நாள் மருந்து கூடுதலாக, அந்த நாட்டில் வேலை செய்யக்கூடிய சிம் அல்லது ரோமிங், இவற்றை மறக்காதீர்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாவது, வாட்ஸ்அப்பில் தன் எதிரே இருக்கும் பலகையைப் படமெடுத்து அனுப்ப அவருக்குச் சொல்லிக் கொடுத்துப் பழக்கிவிடுங்கள். பலகையின் படம் ஒன்று வந்தால் போதும், அவர் எங்கே இருக்கிறார், அடுத்து எந்த வாயிலுக்குப் போக வேண்டும் என்று நீங்கள் இங்கிருந்தே வழிசொல்லிவிடலாம்.